மைனியின் முட்டுவலி

'மாட்டேன்' என்ற சொல்லை வாயால் உச்சரிக்காமலே அறுபத்தெட்டு வயதுவரை வாழ்ந்து காட்டிய ஒருவர் மணக்காட்டில் எங்கள் சந்தில் இருந்தார். அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகியதால் அவர் எனக்கு மைனி ஆனார். அண்ணாச்சி காலமான பிறகும் அந்த உறவு அப்படியே இருந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கல்யாணமாகி வந்தவர். சுத்த சைவம். முட்டை சேர்த்த கேக் என்று தெரிந்தால் அதை வெட்டிய கத்தியைக்கூடத் தொடுவதில்லை.

யார் எதைக் கேட்டாலும் மைனி சரி என்பார். குடியிருப்போர் சங்கத்தில் செயற்குழுவுக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். "அதுக்கென்ன, வாறேன்" என்றார். ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை. கூட்டம் நடக்கிற நாளில் முட்டு வலிக்கும். பக்கத்து வீட்டு டீச்சர் தன் மகளுடைய நாட்டிய அரங்கேற்றத்துக்கு அழைத்தார். முன்வரிசையில் உட்காருவதாக மைனி வாக்குக் கொடுத்தார். அன்று சாயங்காலம் முட்டு வீங்கிவிட்டது. வாய் சரி என்று சொல்லும், முட்டு மாட்டேன் என்று சொல்லும், இரண்டுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுபோல மைனி நடுவில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு தடவை வித்துராவிலிருந்து அவருடைய நாத்தனார் நேரில் வந்து, புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு அழைத்தார். "முதல் பஸ்சுக்கே வந்து நிக்கேன் பாரு" என்றார் மைனி. பால்காய்ச்சு அன்று காலையில் போன் போட்டு முட்டு காலை வாரிவிட்டதைச் சொல்லி அழாத குறை. மத்தியானம் நான் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை மச்சுப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலிருந்து மைனி இறங்கி வந்தார். இடுப்பில் ஒரு பித்தளை உருளி. கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

"முட்டு எப்படி மைனி?" என்றேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "சாலை சமதரையில்லா தம்பி. வித்துரா மேட்டுல இருக்கு. முட்டுக்கு அதெல்லாம் தெரியும்."

பழவங்காடியில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவன் நான். நாள் முழுக்கப் பொய்க்கணக்கைப் பார்த்தே பழகியவன். இவ்வளவு நேர்த்தியான ஒன்றை அங்கேகூடப் பார்த்ததில்லை. உருளியை வாங்கி ஆட்டோவில் வைத்துக் கொடுத்தேன்.

இந்த முட்டுக்கு உண்மையான வேலை வந்தது, அமெரிக்காவில் இருக்கிற அவர் மகனால். ஒரே மகன். ஹூஸ்டனில் என்ஜினியர். மைனி அங்கே ஒரு தடவை போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். வந்ததும் என்னிடமும் என் மனைவியிடமும் ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசினார். "நல்லாத்தான் வச்சிருந்தான், குறை சொல்லப்படாது. ஆனா ரோட்டுல ஆளே கிடையாது தம்பி. சன்னல் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பேன். காருதான் போவும். ஒரு மனுசன் நடந்து போவாண்டாமா? ஒருத்தி வந்து காப்பிப்பொடி கேக்காண்டாமா?" சொல்லிவிட்டு அழுதார். மைனி அழுது நான் பார்த்தது அது ஒன்றுதான். அண்ணாச்சி போனபோதுகூட வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்.

பிறகு மகனுக்குக் குழந்தை பிறந்தது. மருமகள் வேலைக்குத் திரும்பவேண்டும். "அம்மா எப்ப வாறிய? வந்தா இங்கயே இருந்திரலாம்" என்று மகன் கேட்டான். மைனி என்ன சொல்லியிருப்பார் என்று நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. "வாறேன் மக்கா, எனக்கு இங்க என்ன வேலை. இந்த முட்டு ஒண்ணு மட்டும் சரியாயிரட்டும்."

மகன் இதை அப்படியே நம்பினான். படித்த பிள்ளை. பழுது என்று காதில் விழுந்தால் அதற்கு ஒரு மருந்து இருந்தாகவேண்டும் என்கிற வளர்ப்பு. அடுத்த மாதமே ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் முதல் பாட்டில் வந்து சேர்ந்தது. ஊறுகாய் ஜாடி அளவு. உள்ளே சுண்டுவிரல் கனத்தில் மாத்திரைகள். அதை விழுங்குவதற்கே தனியாக ஒரு பயிற்சி வேண்டும்.

லேபிளில் எழுத்து எறும்பு வரிசை. மைனிக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. "என்னவாக்கும் எழுதியிருக்கு, வாசி தம்பி" என்று என்னிடம் நீட்டினார். வாசித்தேன். குளுக்கோசமைன். எதிலிருந்து எடுத்தது என்று கீழே சின்னதாகப் போட்டிருந்தது: நண்டு, இறால் ஓடு. அடுத்தது காண்ட்ராய்ட்டின். போனில் தேடிப் பார்த்தேன். மாட்டின் குருத்தெலும்பு, முக்கியமாக மூச்சுக்குழல். சில கம்பெனிக்காரர்கள் சுறாவிலிருந்தும் எடுப்பார்களாம். இவ்வளவும் போதாதென்று மேலே கந்தகம் கலந்த ஒரு பொடி.

மைனி பாட்டிலை என் கையிலிருந்து வாங்கவில்லை. "மேசையில வையி" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மைனி, கதை முடிஞ்சுது. மகன்கிட்ட நண்டு ஓடுன்னு சொல்லுங்க. நான் இதத் தொடமாட்டேன்னு சொல்லுங்க. சைவக் குடும்பத்துப் பையன், பதறிப்போய் நிறுத்திருவான்."

"ஆசையா அனுப்பியிருக்கான். நண்டுன்னு சொன்னா அவன் மனசு என்ன பாடுபடும்?"

"அப்போ சாப்பிடப் போறியளா?"

"சிவ சிவா" என்றார். சாப்பிடவும் போவதில்லை, வேண்டாம் என்று சொல்லவும் போவதில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வந்து, "பாட்டிலக் காட்டுங்க, எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கேட்பான். குறைந்திருக்கவேண்டும். குப்பையில் கொட்டலாம் என்றால், பிள்ளை அனுப்பிய பொருளைக் கொட்ட மனசு வரவில்லை. ஆகவே எங்கள் சந்தில் இலவச மருந்து விநியோகம் ஆரம்பமானது.

முதலில் மீன்காரிக்குக் கொடுத்தார். கூடையைத் தலையில் வைத்து விழிஞ்ஞத்திலிருந்து வருகிறவர், முட்டுவலிக்குப் பஞ்சமில்லை. அவரிடம் நண்டு வாங்கித் தின்னும் ஊரில், அவருக்கே நண்டு ஓட்டைத் திருப்பிக் கொடுத்த பெருமை மைனியைச் சேரும். பிறகு பாட்டில்கள் விதவிதமாக வரத் தொடங்கின. மகன் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். கொலாஜன் என்று ஒரு டப்பா வந்தது. மாட்டுத்தோலிலிருந்து எடுத்த பொடி. சேவலின் கொண்டையிலிருந்து ஒன்று. கோழியின் நெஞ்செலும்பிலிருந்து ஒன்று. கடல்சிப்பி ஒன்று. ஒரு பெரிய மீன் மார்க்கெட்டையும் பக்கத்துக் கறிக்கடையையும் சேர்த்து இடித்துச் சலித்து, வெள்ளை மாத்திரையாக்கி, சைவத் தாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தான் அந்த மகன். எல்லாவற்றையும் நான் வாசித்துச் சொல்ல, மைனி ஆளைப் பார்த்துப் பிரித்தார்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டருக்கு மாட்டுத்தோல் பொடி. அவர் வீட்டில் பீஃப் ஏறாது, ஆனால் ஓட்டலில் சாப்பிடுவார் என்பது சந்துக்கே தெரிந்த ரகசியம். ஆட்டோக்காரருக்குக் கோழி. அவருக்கு முதலில் நண்டுதான் போவதாக இருந்தது. "இறால் தின்னால் எனிக்கு சொறியும் சேச்சி" என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லிவைத்ததால் தப்பித்தார். அதன் பிறகு மைனி யாருக்கும் கேட்காமல் கொடுத்ததில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும், "ஞண்டு ஆவுமா? இறால் ஆவுமா? ரத்தத்துக்கு மருந்து உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவார். எம்.பி.பி.எஸ். படித்தவர்கள்கூட இவ்வளவு நேரம் நோயாளியிடம் பேசிப் பார்த்ததில்லை.

எங்களுக்கு மஞ்சளும் குந்திரிக்கமும் சேர்ந்த குப்பி கிடைத்தது. குந்திரிக்கம் என்றால் சாம்பிராணி போலப் புகை போடுகிற அதே பிசின்தான். கூடவே மிளகுச்சத்து. நம் ஊர் மஞ்சளும் மிளகும் கப்பலேறிப் போய், அங்கே பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு, விமானத்தில் திரும்பி வந்து மணக்காட்டில் இறங்கியிருந்தன. என் மனைவி அதை நாள் தவறாமல் சாப்பிட்டாள். "நல்ல மாற்றம் உண்டு" என்றாள். என்ன மாற்றம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இந்தச் சரக்குகளால் குணம் உண்டு என்று சில ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதாகவும், வெறும் மாவு மாத்திரை கொடுத்தாலும் அதே குணம்தான் என்று வேறு சிலர் சொல்வதாகவும் என் போன் சொன்னது. எங்கள் சந்தில் இரண்டாம் கட்சிக்கு ஆளே இல்லை. பாட்டில் வரத் தாமதமானால் ஹெட்மாஸ்டர் நொண்டிக்கொண்டே வந்து, "மகனு சுகம் தன்னே அல்லே?" என்று அமெரிக்காவில் இருப்பவனின் நலம் விசாரிப்பார். அவ்வளவு அக்கறை.

மகனுக்கு மட்டும் நிம்மதியில்லை. பாட்டில் குறைகிறது, வலி குறையவில்லை. "ஒரு மாற்றமும் இல்லியா அம்மா?" என்பான். மைனி முகத்தைச் சுளித்து, "கொஞ்சம் உண்டும் மக்கா. ஆனா ஃப்ளைட்டுல அவ்வளவு நேரம் மடக்கி வைக்க முடியாது" என்பார். அது முடிந்ததும் எழுந்து போய்ப் பலாமரத்தடியில் குந்தியிருந்து, ஒரு மணி நேரம் பலாப்பழம் வெட்டுவார். அந்த வயதில் அப்படிக் குந்தி உட்கார்ந்து எழுகிற ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த முட்டில் குறை கண்டுபிடிக்கவேண்டும் என்றால் எக்ஸ்-ரேயே வெட்கப்பட்டிருக்கும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். கெடுத்தது பொங்காலை.

கும்ப மாதத்தில் ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்காலைக்கு எங்கள் பக்கம் எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோயிலைச் சுற்றி ஊர் முழுக்க ரோட்டோரம் மூன்று செங்கல் அடுப்பு, மண்கலம், அதன் முன்னால் குந்தியிருக்கிற பெண்கள். மைனியின் முற்றத்தில் இடம் கேட்டு எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத வீட்டுக்காரி என்ற புகழ் பாறசாலை வரை பரவியிருந்தது. முற்றம் நிறையும், கார் ஷெட் நிறையும், கிணற்றடி நிறையும். கடைசியில் வீட்டுக்காரிக்கு இடமிருக்காது. மைனி தன் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போவார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் முட்டுக்கு லீவு. "அம்மைக்கு முன்னால பொய் சொல்லப்படாது தம்பி" என்று அதற்கு விளக்கமும் கொடுத்திருக்கிறார்.

அந்த வருடமும் ரோட்டில்தான் இருந்தார். கோயிலிலிருந்து தீ கைமாறி வந்து அடுப்புகள் பற்றிவிட்டன. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நானும் சந்துமுனையில் தண்ணீர் விநியோகத்தில் இருந்தேன். ஒரு டி.வி. சேனல் பெண் மைக்கோடு வந்தாள், பின்னால் கேமராக்காரர். நேராக மைனி முன்னால் வந்து நின்றாள்.

"அம்மே, இத்ர பிராயத்திலும் இங்ஙனெ குந்தி இரிக்காமோ? முட்டுவேதனை ஒன்னுமில்லே?"

இந்த வயதில் இப்படிக் குந்த முடிகிறதே, முட்டுவலி இல்லையா என்று கேட்டதும் நான் தண்ணீர் ஜக்கோடு நின்றுவிட்டேன். அம்மையின் சந்நிதி. மைனி பொய் சொல்லப்போவதில்லை. "ஒன்னுமில்ல மோளே" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு ஆசை அடங்கவில்லை. "ஒன்னு எழுந்நேற்று காணிக்காமோ அம்மே?"

எழுந்து காட்டமுடியுமா என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மைனி வேறென்ன செய்வார்? தரையில் கை ஊன்றாமல் எழுந்து நின்றார். கேமராக்காரருக்குக் கோணம் சரியாகவில்லை. மறுபடியும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். எழச் சொன்னார். எழுந்தார். சுற்றியிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். "இதின்றெ ரகசியம் எந்தாணு?" என்றாள் அந்தப் பெண். மைனி சிரித்தபடி கலத்தைக் கிளறினார். பாயசம் பொங்கி வழிந்தது.

நேரடி ஒளிபரப்பு. ஹூஸ்டனில் மகன் ராத்திரி தூங்காமல் விழித்திருந்து, அம்மா எங்கேயாவது தெரிகிறாளா என்று அந்தச் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். பாசமுள்ள பிள்ளை, குறை சொல்ல முடியாது.

சாயங்காலமே போன் வந்துவிட்டது. நான் மைனி வீட்டுக்குப் பிரசாதம் வாங்கப் போன நேரம். ஸ்பீக்கரில் மகனின் குரல் சந்தோஷத்தில் உடைந்தது. அம்மா ஏமாற்றியதாக அவன் நினைக்கவே இல்லை. "கடைசியா அனுப்பின சிப்பி கேப்சூல்தாம்மா பலிச்சிருக்கு. நான் நம்பிக்கையை விடல்ல பாத்தியளா. இனி என்ன, டிக்கெட் போட்டிரட்டுமா?"

மைனி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி மக்கா" என்றார்.

போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, கேலியாக இல்லாமல், மருந்துக்கடையில் கேட்பதுபோலக் கேட்டார்: "தம்பி, இத்தன வாசிச்சியே, முட்டுவலி வரதுக்கு ஏதாவது குளிகை உண்டா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. "ஒரு வார்த்தை மைனி. வரமாட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை. அவன் நல்ல பிள்ளை, கேட்டுக்கிடுவான்" என்றேன்.

மறுநாள் என் மனைவி அவருக்கு ஒத்திகை வைத்தாள். எங்கள் சமையலறையில், சம்பா அரிசி வெந்துகொண்டிருக்க, இவள் மகனாக நடித்தாள்.

"அம்மா, எப்ப வாறிய?"

"நான் வரமாட்டேன்னு ஒண்ணும் இல்ல மக்கா" என்றார் மைனி.

"அக்கா, 'வரமாட்டேன்'. அதோட நிறுத்துங்க."

"வர... வராம எங்க போவப்போறேன்."

அடுக்களையில் அன்று அந்த வாக்கியம் எத்தனையோ விதமாகக் கிளம்பியது. எல்லாம் கடைசியில் ஹூஸ்டனில் போய் நின்றது. என் மனைவி சலித்துப்போய், "எங்கிட்ட சொல்லிப் பாருங்க. எனக்கு ஒரு நாழி அரிசி தாறியளான்னு கேக்கேன், மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். மைனி எழுந்து போய் வீட்டிலிருந்து அரிசி எடுத்து வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ வந்தபோது நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மகன் குழந்தையைத் திரையில் காட்டினான். "பாட்டி வாங்கன்னு சொல்லு" என்றான். குழந்தைக்குப் பேச்சு வரவில்லை, கையை ஆட்டியது. மைனி என் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். "டிக்கெட் போட்டாச்சா மக்கா?" என்றார்.

விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். மகன் அங்கிருந்தே வீல்சேருக்குச் சொல்லி வைத்திருந்தான். எதற்கும் இருக்கட்டுமே என்று. தள்ளுகிற பையன், "இரிக்கு அம்மே" என்றான். பலாச்சக்கை வெட்டுகிற அந்த இரண்டு கால்களையும் மடக்கி, மைனி வீல்சேரில் உட்கார்ந்தார். அதற்கும் மறுப்பில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். இவ்வளவு திடமான ஒரு மனுஷியை யாரும் இவ்வளவு அன்பாகத் தள்ளிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள்.

அவர் போன பிறகு சந்தில் மருந்து நின்றது. ஹெட்மாஸ்டர் மறுபடி நொண்டுகிறார். என் மனைவிக்குப் படியேறினால் வலிக்கிறதாம். அடுத்த கும்பத்தில் மைனியின் வீடு பூட்டியிருந்தும், பாறசாலைப் பெண்கள் வந்து கேட்டுக்கு வெளியே அடுப்பு வைத்துவிட்டு, "சேச்சி எங்கே?" என்று என்னைக் கேட்டார்கள். அமெரிக்கா போய்விட்டார் என்றேன். கொடுத்துவைத்தவர் என்றார்கள். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த வாரம் மைனியிடமிருந்து வாட்சாப்பில் குரல்பதிவு வந்தது. பொங்காலை எப்படி நடந்தது என்று முதலில் விசாரித்தார். மீன்காரியின் முட்டு எப்படியிருக்கிறது, ஹெட்மாஸ்டர் நடக்கிறாரா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது போலும்.

"தம்பி, இங்க மச்சு வீடு. பிள்ளையத் தூக்கிட்டு நாளு முழுக்க ஏறி எறங்கி, இப்போ நெசமாவே முட்டு வலிக்கு. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல்ல. சிப்பி இப்போ பலிக்கல்லன்னு அவன் அந்தப் பழைய பெரிய மாத்திரையத்தான் தாறான், நண்டு ஓடு. தண்ணியும் கொண்டாந்து, விழுங்குகது வரைக்கும் முன்னால நிக்கான். ஆசையா நிக்கான். நான் விழுங்கீருதேன். என்ன செய்ய? இங்க யாருக்குக் குடுக்க? ரோட்டுல ஆளே இல்லியே."